‘டெஸ்ட்’ என்றொரு பாதை

பேசாமல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அப்பாவும் சின்னவளும் மூன்று வருஷமாக அந்த வேலையை ஒரு நாள்கூட லீவு போடாமல் பார்த்து வந்தார்கள்.

போன வாரம் அண்ணி ஃபோன் செய்து, "லேப்ல நெட்வொர்க் எல்லாம் நாறிக் கிடக்கு, நீ வந்து சரி பண்ணிக் குடு" என்று கேட்டாள். சின்னவளும் விடவில்லை. "கூலி வேண்டாம் அண்ணி. வேலை முடிஞ்சதும் அம்மாவைப் பாக்க விடச் சொல்லுங்க, அது போதும்" என்றாள். அண்ணி போய் மாமனாரிடம் சொல்ல, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல வேலைய முடிக்கட்டும்" என்றார்.

முடிக்கட்டும் என்றால் பிறகு பார்க்கலாம் என்று அர்த்தமா? இல்லை, பிறகு யோசிக்கலாம் என்று அர்த்தமா? தன் ஒற்றை அறையில், அடுப்படி மேடை ஓரத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு சின்னவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கேட்டுச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. கடைசியில், வருவது வரட்டும் என்று இன்று காலை கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லேப் என்றதும் ரத்தம் எடுக்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இது அப்பா நடத்துகிற, பல் செட்டு செய்கிற லேப். மெழுகு காய்ச்சும் வாசனையும் பல் ராவுகிற சத்தமும் எந்நேரமும் இருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஓர் இருட்டு அறை. அதன் அலமாரியில் யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கும். கீழ்த்தட்டில் ஃபயர்வால் பெட்டி. லேப்புக்குள் வருகிற இணையம், வெளியே போகிற இணையம் எல்லாவற்றையும் நிறுத்தி விசாரித்து அனுப்புகிற காவல் பெட்டி அது. சின்னவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

அப்பா வந்தார். வேலை செய்கிறவர்கள், "வணக்கம் மாஸ்டர்" என்றார்கள். மாஸ்டர் அவள் உட்கார்ந்திருந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா மூலைகளையும் நன்றாகப் பார்த்தார். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சட்டைக் கழுத்து எவ்வளவு தொளதொளத்துப் போயிருக்கிறது! மனுஷன் பாதியாகிவிட்டார்.  எழுந்து போய், "ஏன்ப்பா இப்படி எளைச்சுட்டீங்க?" என்று கேட்டால் என்ன? கேட்கவில்லை. கூப்பிடாமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் ஆயிற்றே.

சண்டை என்ன சொத்துச் சண்டையா? ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பாட்டு மேஜையில், "அம்மா ஒரே விஷயத்தை நாலு வாட்டி கேக்கறாங்க. வீட்டுக்கு வர்ற வழியை மறந்துட்டு முக்குல நிக்கறாங்க. ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எம் பொண்டாட்டியப் பைத்தியம்னு சொல்ற வாய், எம் வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று கத்திவிட்டார். அவளும் அவருக்குப் பிறந்தவள்தானே! "நீங்களா கூப்பிடாம ஏறமாட்டேன்" என்று பதிலுக்குக் கத்திவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு எப்போது அண்ணி மூலம் அம்மாவைக் கேட்டாலும், "தூங்கறா" என்று சொல்லி அனுப்புவார் அப்பா. மூன்று வருஷமாகவா ஒருத்தி தூங்குவாள்?

அண்ணனைக் கேட்டால், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீ உன் வேலையப் பாரு" என்பான். அவன் அண்ணியோடு தனிக்குடித்தனம் போனவன், பல் செட்டு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அவனுக்கே எவ்வளவு தெரியுமோ.

"என்ன நாத்தனாரே, காலங்காத்தால பொட்டியோட குடும்பம் நடத்திட்டிருக்க?" என்றபடி அண்ணி வந்தாள். கையில் சின்னவளுக்கு ஒரு காபி. லேப்பின் கணக்கு, ஆர்டர், சண்டை, சமாதானம் எல்லாம் அண்ணியின் பொறுப்புதான்.

"இதை நாலாப் பிரிக்கப் போறேன் அண்ணி."

"பொட்டியையா?"

"பொட்டி ஒண்ணுதான். கம்பியும் அதே கம்பிதான். அதுக்குள்ளயே தனித்தனியா நாலு பாதை. விர்ச்சுவல் நெட்வொர்க்னு சொல்லுவாங்க. பல் செதுக்கற மெஷினுக்கு ஒண்ணு, கணக்கு கம்ப்யூட்டருங்களுக்கு ஒண்ணு, வாசல்ல வந்து உக்காந்து வைஃபை கேக்கறவங்களுக்கு ஒண்ணு, கேமராக்களுக்கு ஒண்ணு. ஒரு பாதையில இருக்கறவனுக்கு அடுத்த பாதையில ஒருத்தன் இருக்கறதே தெரியாது."

போன மாதம் காத்திருந்த ஒருவரின் ஃபோனிலிருந்து ஏதோ கிருமி ஏறி, செதுக்கும் மெஷின் ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள், "எங்க நோயாளிங்க ஸ்கேன் எல்லாம் தனிப் பாதையில போனாத்தான் உங்களுக்கு ஆர்டர்" என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு வந்து பார்க்கப் போகிறார்கள். அதற்குத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

"ஒருத்தரோட ஒருத்தர் பேசணும்னா?" என்றாள் அண்ணி.

"நேரடியாப் பேச முடியாது. நடுவுல இருக்கற இந்த ஃபயர்வால் வழியாத்தான் போகணும். இதைக் கேக்கலாம், இதைக் கேக்கக் கூடாதுன்னு அது முடிவு பண்ணி அனுப்பும்."

அண்ணி சாத்தியிருந்த மாமனார் அறைக் கதவைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "அடியம்மா! அப்ப மூணு வருஷமா இந்தக் குடும்பத்துக்கு நான்தான் ஃபயர்வாலா? சம்பளம் ஒண்ணும் வரலியே" என்றாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது. அண்ணி மேலே போனதும் அறை பழையபடி ஆனது. பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு அந்தச் சத்தம் பழகிய சத்தம். அவளுடைய தொழிலே இப்படித்தான். எல்லாரும் பேசிக்கொள்வதற்கு வழி செய்துவிட்டு, ஆளில்லாத அறையில் தனியாக உட்கார்ந்திருப்பது.

முதலில் பழைய அமைப்பு முழுவதையும் ஒரு நகல் எடுத்து வைத்தாள். அது தொழில் சுத்தம். பிறகு ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண், ஒரு பெயர், முகவரி வரிசை எல்லாம் கொடுத்தாள். எந்தத் துளையில் எந்த வயர் வருகிறது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அந்தந்தத் துளையை அந்தந்தப் பாதையில் சேர்த்தாள். இத்தனைக்கும் நடுவில் எந்த மெஷினும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. கெட்டிக்காரிதான்.

கடைசியில் ரூல்கள். யார் எங்கே போகலாம், போகக் கூடாது என்கிற உத்தரவுகள். முன்பு இருந்த டெக்னீஷியன் குப்பை மாதிரி சேர்த்து வைத்திருந்தான். ஒவ்வொன்றாகப் படித்துக் கழித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

லேப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு கம்ப்யூட்டர், வெளியே எங்கேயோ இருக்கிற ஒரு முகவரிக்கு, எந்நேரமும் போகலாம், வரலாம். கேள்வி முறை கிடையாது. ரூலின் பெயர், ‘டெஸ்ட்’.

எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்த்தாள். அப்பாவின் கம்ப்யூட்டர்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். டெஸ்ட் என்று பெயர் வைத்தது எதுவும் உருப்படியாக இருக்காது. எவனோ எதையோ சோதித்துப் பார்க்கத் திறந்துவிட்டு, மூட மறந்து போயிருப்பான். திருடன் வருவதற்கு அதைவிட நல்ல ஓட்டை வேண்டாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்தால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

இருந்தாலும் கை கொஞ்சம் தயங்கியது. அப்பாவின் அறை நாலு எட்டுதான். கதவைத் தட்டி, "அப்பா, இது என்னதுப்பா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் மூன்று வருஷத்தில் முதல் வார்த்தையை யார் பேசுவது? அவர் பேசட்டுமே. அண்ணியைக் கூப்பிட்டு, "டெஸ்ட்னு ஒரு ரூல் இருக்கு, எடுத்துடவா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டாள். "டெஸ்ட்டுதானே, தூக்கு தூக்கு" என்று அண்ணி மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

தூக்கிவிட்டாள்.

மதியம் மெஷின்கள் நின்றன. எல்லாரும் சாப்பிட மாடிக்குப் போனார்கள். ராவுகிற சத்தம் ஓய்ந்ததும் லேப் ‘ஓ’வென்று கிடந்தது. சின்னவள் வயர்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்துவிட்டது. இனி அண்ணி போய்ச் சொல்ல வேண்டும், அவர் ஏதாவது சொல்ல வேண்டும். கைகளைத் துடைத்துக்கொண்டாள். என்ன சேலை கட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்றுகூட மனசு ஓடியது. பைத்தியக்காரி.

கதவு திறந்தது. அப்பா நின்றார்.

"படம் போச்சு" என்றார்.

மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. அதுவும் நேராக அவளைப் பார்த்து. 

"என்ன படம்ப்பா?"

"படம் போச்சுன்னா போச்சு! என்னத்தப் பண்ணித் தொலைச்ச? நேரமாகுது. அவ உக்காந்திருப்பா."

அவருடைய கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.  பல்லை அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் செதுக்குகிறவர் கை அது. எதையும் இப்படி இறுக்கிப் பிடித்து அவள் பார்த்ததே இல்லை.

அப்பாவின் அறைக்குள் ஓடினாள். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முகவரிக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று ஒரு வரி. அந்த முகவரியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அவள் அழித்த பாதை.

"இது எங்க போகுதுப்பா?"

அவர் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க போகுதுன்னு தெரிஞ்சாத்தான் திறக்க முடியும்."

"நம்ம வீட்டுக்கு" என்றார். "கேமரா."

சின்னவள் மாடிப்படி அறைக்கு ஓடினாள். பழைய ரூலை அப்படியே திரும்பப் போட்டுவிட முடியாது. அப்பாவின் கம்ப்யூட்டர் இப்போது கணக்குப் பாதையில் இருக்கிறது. அங்கே ஓட்டை போட்டால் நாளைக்கு ஆர்டர் போய்விடும். அதற்கும் வழி இருந்தது. ஐந்தாவதாக ஒரு பாதை போட்டாள். அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அக்கம்பக்கம் யாரும் கிடையாது, லேப்பில் யாரோடும் பேச முடியாது. வெளியே அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் திறப்பு. அப்பாவின் அறை வயர் எந்தத் துளையில் என்று தேடி, அதை இந்தப் பாதைக்கு மாற்றி, காலையில் எடுத்த நகலிலிருந்து முகவரியைப் பார்த்துத் தட்டினாள். விரல் இரண்டு முறை தப்பாகப் போயிற்று. பெட்டி பெயர் கேட்டது. யோசிக்கவில்லை. ‘வீடு’ என்று அடித்தாள்.

"வந்துடுச்சு" என்று அப்பாவின் குரல் கேட்டது.

அவள் அறை வாசலுக்கு வந்தபோது திரையில் அம்மா இருந்தாள்.

அதே முன்னறை, அதே மர நாற்காலி. அம்மாதான் இல்லாதது போல் ஆகிவிட்டிருந்தாள். இடுப்புவரை இருந்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கழுத்து எலும்பு தெரிந்தது. மடியில் தட்டு, தொடாத சோறு. பக்கத்தில், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற நர்சம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அம்மா சுவரில் இருந்த கேமராப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுட்டாங்க ஐயா. குரல் வரலன்னு அழுதுட்டாங்க" என்றாள் நர்சம்மா.

அப்பா மைக்கை இழுத்து வாய்ப்பக்கம் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த குரல், சின்னவள் சின்ன வயசில் கேட்ட குரல்.

"என்ன, இன்னும் சாப்பிடலியா? தட்டைப் பாத்துட்டே இருந்தா வயிறு நெறஞ்சிடுமா?"

அம்மாவின் முகம் விரிந்தது. "என்னங்க! எங்க போயிட்டீங்க? எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்."

"வேலை இருந்துச்சு. ஒரு வாய் எடு பாக்கலாம்."

எடுத்தாள். மென்றாள். குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினாள்.

"இன்னொண்ணு."

"நீங்க எப்ப வருவீங்க?"

"வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பொழுது சாஞ்சா யாரோ ஒரு கிழவன் வீட்டுக்குள்ள வந்துடறான். பின்னாடி ரூம்ல படுத்துக்கறான். யாரு என்னன்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து அவனைத் துரத்திவிடுங்க."

"துரத்திடறேன். நீ சாப்பிடு" என்றார் அப்பா.

சின்னவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.  அந்தக் கிழவன் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்பா மைக்கை அணைத்தார். திரும்பாமலே பேசினார். இத்தனை வருஷம் பூட்டி வைத்தது, அணை உடைந்த மாதிரி வந்தது.

"நேர்ல போனா கத்தறா. கையில கெடைச்சதை எடுத்து எறியறா. தூரத்துலேருந்து குரல் வந்தா நான். பக்கத்துல வந்தா கிழவன். அவ மனசுல நான் இன்னும் வேலைக்குப் போன ஆளு, தலை நரைக்காதவன். அதான் அவ எந்திரிக்கறதுக்கு முன்னாடி கெளம்பிடுவேன். இருட்டினப்புறம் பின்பக்கமாப் போய்ப் படுப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா இந்தக் குரலும் போயிடும்னு பயம்."

"ஃபோன்ல பேசலாமேப்பா?"

"அந்தச் சின்னத் திரையில அவ மூஞ்சி எனக்குத் தெரியல. இங்கதான் பெரிசாத் தெரியுது." கொஞ்சம் நின்றார். "முன்ன இருந்த டெக்னீஷியன் பையன் கேட்டான், எதுக்கு சார் இதுன்னு. சும்மா டெஸ்ட்டுனு போடுப்பான்னேன்."

சின்னவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. நாலு எட்டு வைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா அழுதிருக்க மாட்டாளே. இவருக்குந்தான் என்ன வீம்பு! மூன்று வருஷமாக இந்தப் பாரத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு, "தூங்கறா, தூங்கறா" என்று சொல்லிக்கொண்டு.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீதான் மொதல்ல சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். "அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்கிட்ட வர்றது?"

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று யோசித்தாள். தொடவில்லை. "நான் பேசறேன்ப்பா. ஒரு வார்த்தை" என்றாள்.

அப்பா மைக்கைக் கையால் மூடினார். அந்த ஒரு சின்னப் பொருள்தான் அவருக்கு மிச்சம் என்பது அவர் மூடிய விதத்திலேயே தெரிந்தது. தெரியாத குரல் கேட்டு அம்மா பயந்துவிட்டால்? சுவரைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இதையும் இழந்துவிட்டு அவர் யாரிடம் போவார்? ஆனாலும் கையை எடுத்து, மைக்கைத் திரும்பப் போட்டுவிட்டார்.

"அம்மா" என்றாள்.

அம்மாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. சுவரைப் பார்த்தாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அம்மாவுக்குப் பல் எல்லாம் இருந்தது, அதுவும் அப்பா கையால் செய்தது. சொல்தான் எங்கேயோ போய்த் தேடி வர வேண்டியிருந்தது.

"வாலு?" என்றாள்.

சின்னவளின் வீட்டுப் பெயர் அது. அம்மாவைத் தவிர யாரும் கூப்பிடாத பெயர்.

"வாலுதாம்மா."

"எங்கடி போய்ச் சுத்திட்டிருக்க? மத்தியானமாச்சு, சாப்பிட வரத் தெரியாதா? வா வா, நான் கதவைத் தொறக்கறேன்." தட்டை நர்சம்மாவிடம் தள்ளிவிட்டு எழுந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, படத்தை விட்டு வெளியே போய்விட்டாள்.

"உக்காரு! ஏய், உக்காரு" என்றார் அப்பா. படத்தில் காலி நாற்காலிதான் இருந்தது. வாசலைக் காட்டுகிற கேமரா அந்த வீட்டில் இல்லை. நர்சம்மா ஓடி வந்து, "வாசக்கதவுகிட்ட நிக்கறாங்க ஐயா. வர மாட்டேங்கறாங்க. எம் பொண்ணு வருதுன்னு சொல்றாங்க" என்றாள்.

சின்னவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

"போகாத" என்றார் அப்பா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "நான் சொல்றதைக் கேளு. குரலோட நிறுத்திக்க. தினம் இங்க வா, பேசு, நான் வேண்டாம்னு சொல்லல. நேர்ல போய், மூஞ்சியப் பாத்து, யாரு நீன்னு அவ கேட்டுட்டான்னா நீ தாங்க மாட்ட. எனக்குத் தெரியும். அப்புறம் இந்தக் குரலையும் நம்ப மாட்டா."

அது வெறும் பயமுறுத்தல் இல்லை. அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். இருக்கிற ஒரு நூலும் அறுந்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள்.

"நான் வர்றேன்னு நம்பிட்டாங்களேப்பா. எவ்வளவு நேரம் நிப்பாங்க?" என்றாள்.

அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் தாண்டிப் போகும்போது, "நான் இங்கேருந்து பேசிட்டே இருக்கேன்" என்றார். "அவ கீழ விழுந்துடாம பாத்துக்க. ... படி ஏறு."

படி ஏறு! மூன்று வருஷம் கழித்து வந்த அந்த இரண்டு வார்த்தையை நின்று அனுபவிக்க நேரமில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணி, "என்னடி, என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லாமல் ஓடினாள்.

தெரு மாறவில்லை. முக்கில் பூட்டிக் கிடந்த மருந்துக்கடை அப்படியே பூட்டிக் கிடந்தது. வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு மூன்று படி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவின் குரல் சுவரிலிருந்து விடாமல் பேசிக்கொண்டிருந்தது. "பாத்து நில்லு. சுவத்தைப் பிடிச்சுக்க. இதோ வந்துடுவா."

பெல்லை அடிக்கக் கையைத் தூக்கியவள் இறக்கிவிட்டாள். கதவு திறந்ததும் அம்மா முதலில் பார்க்கப் போவது முகத்தை. கண்ணாடி போட்ட, கன்னம் ஒட்டிய, முன்நெற்றி முடி நரைத்த ஒரு முகம். வாலுவின் முகமா இது? கண்ணாடியில் பார்த்தால் அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

கதவோரமாக, சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றுகொண்டாள். திறந்தாலும் தெரியாத இடம்.

"அம்மா, வாலு வந்திருக்கேன்மா."

தாழ்ப்பாள் தடவப்பட்டது. இழுபட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்தச் சாண் இடைவெளியில் ஒரு கை வெளியே வந்தது. காற்றில் தேடியது. சின்னவள் தன் கையை நீட்டியதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எலும்பாக இருந்தாலும் பிடி பழைய பிடிதான், தெருவைக் கடக்கும்போது பிடிக்கிற பிடி.

"ஏன் இவ்வளவு நேரம்? எங்க நின்ன?" என்றாள் அம்மா. தலையை வெளியே நீட்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு கவலை இருந்தது. "உள்ள வா, சீக்கிரம். பொழுது சாஞ்சா அந்தக் கிழவன் வந்துடுவான். ரெண்டு பேருமாச் சேந்து தாழ் போட்டுக்கலாம். இன்னிக்கு அவனை உள்ள விடவே கூடாது."

சின்னவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, இழுத்த இழுப்புக்கு உள்ளே போனாள். பின்னால் அம்மா மேல் தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"தொறந்தாச்சா?" என்று சுவர்ப் பெட்டி கேட்டது. "என்ன ஆச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலியே. யாராவது சொல்லுங்க. சேந்துட்டீங்களா?"

அம்மா மகளின் மணிக்கட்டை விடாமல் சுவரை நோக்கித் திரும்பினாள். மூன்று வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நர்சம்மா பார்த்ததில்லை.

"சேந்துட்டோம்! பொண்ணு வந்துட்டா, கதவும் பூட்டியாச்சு" என்றாள். "இனிமே பயமில்ல. நீங்க எப்ப வர்றீங்க?"

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பதில் வரவில்லை.